பூசணிக்குத் தேனீ கொண்டுபோனது

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நடத்துனர் என் மடியிலிருந்த மரப்பெட்டியின் மேல் காதை வைத்தார். வைத்த வேகத்திலேயே எடுத்தார்.

"என்னா சார், உள்ள மோட்டார் ஓடுது?"

"தேனீ."

"உயிரோடவா?"

"உயிரோடதான். வாசலுக்குக் கம்பிவலை அடிச்சிருக்கு. ஒண்ணும் செய்யாது."

"செய்யாதுன்னு உங்களுக்குத் தெரியும். வண்டியில அம்பது பேரு இருக்கறது அதுக்குத் தெரியுமா? எறங்குங்க சார்."

பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறார் என்றாள் ஒருத்தி. படித்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்றாள் மற்றவள். எனக்குத் தெலுங்கு அவ்வளவு புரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கினேன். இரவு முழுக்க மடியில் வைத்திருந்ததால் தொடை மரத்திருந்தது. பெட்டியின் முனகல் எலும்பில் ஏறி, இறக்கி வைத்த பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையிலிருந்து கர்நாடக எல்லைவரை ஒரு பெட்டித் தேனீயைத் தூக்கிக்கொண்டு போகிறவனை வீட்டில் என்னவென்று கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். முனிராஜ் எழுதிய அஞ்சலட்டையைக் காட்டினேன். என் தங்கை கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். அஞ்சலட்டையில் மூன்றே வரி. "பூ இருக்கிறது. காய் இல்லை. ஒரு பெட்டி கொண்டுவர முடியுமா?"

அந்த அட்டை வராவிட்டாலும் நான் எங்காவது கிளம்பியிருப்பேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஓரிடத்தில் ஒரு மாதத்துக்குமேல் உட்காரத் தெரியவில்லை. நான் தேன்பெட்டி வைக்கும் எங்கள் பக்கத்துத் தோட்டமெல்லாம் ரப்பராகிக்கொண்டிருந்தது. ஒரே மரம், ஒரே உயரம், ஒரே நிழல். அந்த நிழலில் நடந்தால் எங்கே தொடங்கினோம், எங்கே வந்தோம் என்று தெரியாது. கால் நடக்கும், ஊர் நகராது.

கடைசியில் என்னை ஏற்றிக்கொண்டது வாழைக்கன்று ஏற்றிய லாரி. மறுநாள் ஆயுதபூஜை. ஓசூர் ஆலை வாசல்களுக்கெல்லாம் இரண்டிரண்டு கன்று வேண்டுமாம். பச்சைத் தண்டுகளுக்கு நடுவே பெட்டியை வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாலையோரம் பாறைக் குன்று, மாந்தோப்பு, பாறைக் குன்று, புதிதாக எழும்பும் தகரக் கூரை. எதையும் இரண்டாவது தடவை பார்க்கக் கண்ணுக்கு அவகாசமில்லை. காற்றில் குளிர். எங்கள் ஊரில் புரட்டாசி முதுகில் வியர்வையாக இறங்கும். இங்கே காதில் ஊசியாக ஏறியது.

சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையில் முனிராஜ் சைக்கிளோடு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், நகக்கண்ணில் கிரீஸ். பெட்டியை வாங்கி சைக்கிளில் கட்டப் போனார். தடுத்துவிட்டேன். இருவரும் நடந்தே போனோம்.

நிலம் மூன்று ஏக்கர். உழுவது, விதைப்பது, விற்பது எல்லாம் முனிராஜின் மனைவி ரத்னம்மா. அவர் வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதா?"

"உள்ளே பத்தாயிரம் இருக்கும்."

"பத்தாயிரம் பேரா? அவ்ளோ பேருக்கு நான் எங்கே களி கிண்டறது?"

அன்று எனக்கு மட்டும் கிண்டினார். கேழ்வரகுக் களியுருண்டை, மேலே அவரைக்கொட்டைச் சாறு. நான் மரச்சீனிக் கிழங்கை மெல்வதுபோல் மென்றேன். முனிராஜ் சிரித்தார். "மெல்லக்கூடாதுங்க. கிள்ளி, தோய்ச்சு, முழுங்கணும். பல்லுக்கு இங்க வேலை இல்லை." மூன்றாவது கிள்ளலில் பிடிபட்டது. தொண்டையில் வழுக்கி இறங்கிய சூடு வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ஓரிடத்தில் உட்கார்ந்த ஒரே பொருள் அதுதான்.

சாப்பிட்டு முடித்ததும் ரத்னம்மா விஷயத்தைச் சொன்னார். முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் கூட்டாக ஆறு ஏக்கர். அண்ணன் நாகராஜப்பா கிழக்குப் பக்கம் தக்காளி போடுகிறார். வடக்கே புதிதாக வந்திருக்கும் பட்டறைக்காரர்கள் ஆறு ஏக்கரையும் சேர்த்தே விலைக்குக் கேட்கிறார்கள். அண்ணனுக்குச் சம்மதம். தம்பி கையெழுத்துதான் பாக்கி. விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் கையெழுத்து என்று அண்ணன் குறித்துவிட்டார்.

"ராகியும் அவரையும் வீட்டுக்கு ஆவுது. மாடு, கோழி அதுங்க பாட்டை அதுங்க பார்த்துக்குது. சந்தைக்குப் போறது பூசணியும் பீர்க்கனும்தான். ரெண்டு வருஷமா பூ பூக்குது, பிஞ்சு வெம்பி விழுது. மாமா தக்காளிக்கு மருந்து அடிக்கறாரு, காத்தால, பூ விரியற நேரத்துல. முன்ன கெணத்துச் சுவத்துல தேன்கூடு இருந்துச்சு. போச்சு."

"காய் புடிக்காத நிலத்தை வெச்சுகினு என்னா செய்யறதுன்னு அண்ணன் கேக்கறாரு," என்றார் முனிராஜ். "எனக்கும் பதில் தெரியல. பதில் வந்தா கையெழுத்துப் போடமாட்டேன்னு இவகிட்ட சொல்லிக்கிறேன்."

பதில் என் காலடியில் பெட்டிக்குள் முனகிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் கிணற்றருகே கல்மேல் அதை வைத்து, வலையைப் பிரித்தேன். சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். வாசல் கிழக்கே பார்க்கட்டும், எறும்பு ஏறாமல் கல்லைச் சுற்றித் தண்ணீர், தட்டக் கூடாது, அடிக்கடி திறக்கக் கூடாது. பிறகு வாய் நிற்காமல் ஒன்று சொன்னேன். "இதைப் பெட்டின்னு நினைக்காதீங்க. உங்க நிலத்துல வேலை செய்யப் போற ஆளுன்னு நினைங்க. ஏர் மாதிரி, மண்வெட்டி மாதிரி."

ரத்னம்மா தலையாட்டினார். அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எழுந்து நிலத்தைச் சுற்றினேன். எங்கள் பக்கத்து ஒரே நிழலுக்குப் பழகிய கண் இங்கே எங்கே நிற்பதென்று தெரியாமல் தாவியது. கேழ்வரகு எட்டு வரிசை, அடுத்து ஒரு வரிசை அவரை, மறுபடி கேழ்வரகு. நடுநடுவே தனியாளாகச் சோளம். ஓரம் முழுக்க ஆமணக்கு. மேட்டில் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்து, யாரோ வெயிலைப் பிடித்துப் பரப்பிவைத்ததுபோல் கிடந்தது. வேலியில் புங்கமரம், அதன் தழை வெட்டிப் பூசணிக் குழிகளில் மூடாக்காகப் போட்டிருந்தது. தழையை விலக்கினால் ஈரம், மண்புழு எச்சம், மழை விட்ட வாசனை. மழை பெய்து பத்து நாளாகிவிட்டது என்றார்கள்.

"சோளம் எதுக்கு நடுவுல?" என்று கேட்டேன்.

ரத்னம்மா கொடிகளுக்குள் குனிந்திருந்தார். "அவரையைப் புழு தின்ன வரும். புழுவைத் தின்ன குருவி வரும். குருவி வந்தா உட்கார எடம் வேணாமா? அதுக்கு நாற்காலி."

கையில் ஒரு ஆண்பூ. இதழைப் பிய்த்துவிட்டு, நடுத்தண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அடியில் மயிர் படர்ந்த குட்டிப் பிஞ்சோடு விரிந்த பெண்பூக்களைத் தேடித்தேடித் தொட்டுக்கொண்டிருந்தார். தேனீ செய்யவேண்டியதைக் கையால். பூ விரிந்து வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும்.

"ஒரு நாளைக்கு முப்பது பூ தொடலாம். மீதி எல்லாம் யாரு வருவாங்கன்னு பார்த்துகினே வாடிப்போவுது. கல்யாணம் பண்ணிவெச்சு பண்ணிவெச்சு எனக்கு இடுப்பு போச்சுங்க அண்ணா."

அப்போது கிழக்கிலிருந்து கைப்பம்பு சத்தம் கேட்டது. தக்காளிக்கு மருந்து. காற்று நல்லவேளையாக எதிர்ப்பக்கம் வீசியது. ஆனாலும் வாசனை ஒரு நொடி வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. பெட்டி வாசலில் ஏழெட்டுத் தேனீக்கள் வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடி இடமும் வலமும் ஆடிப் பறந்து, புது ஊரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பகலில் முனிராஜ் என்னை ஆலைப் பூஜைக்கு அழைத்துப் போனார். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாகூட இவ்வளவு கூட்டம் கண்டதில்லை. ராட்சத இயந்திரங்களுக்கு நெற்றியில் பட்டை. லேத்துக்கு மாலை. சந்தனம் வைத்த ஸ்பானர்கள் தட்டில் வரிசையாக. ஒருவர் கால்குலேட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, பொத்தான் அமுங்கிக் கணக்குத் தப்பாக வருகிறதே என்று துடைத்துக்கொண்டிருந்தார். தமிழில் ஆரம்பித்த வாக்கியம் கன்னடத்தில் வளைந்து தெலுங்கில் முடிந்தது. எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. பொரியும் சுண்டலும் கை நிறையக் கிடைத்தன.

சாலையெங்கும் உடைத்த பூசணி. வெள்ளைச் சதையும் குங்குமமுமாக லாரிச் சக்கரங்களில் நசுங்கிக் கிடந்தது. முனிராஜ் ஒரு துண்டைச் செருப்பால் ஓரமாகத் தள்ளினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இந்த ரோட்டுல ஒடைச்சது பாதி எங்க காய். இப்ப எங்கிருந்தோ வருது."

மாலை நாலு மணிக்குத் திரும்பினோம். தூரத்திலிருந்தே சாம்பிராணி மணத்தது. அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஓடினேன்.

கிணற்றருகே ஏர், மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், தண்ணீர் இறைக்கும் மோட்டார், சைக்கிள் பம்பு எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. வரிசையின் கடைசியில் என் பெட்டி. நாலு பக்கமும் மஞ்சள், குங்குமம். மேலே மல்லிகைச் சரம். வாசல் பலகையில் கற்பூரம் எரிந்த கரி. அதன் நேர் முன்னால் தூபக்கால், சாம்பிராணிப் புகையை அள்ளி அள்ளி உள்ளே ஊதிக்கொண்டிருந்தது.

பெட்டி மௌனமாக இருந்தது. இரவெல்லாம் என் எலும்பில் ஓடிய அந்த ஒலி இல்லை.

ரத்னம்மா கையில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். "காட்டுனேன். எல்லாம் ஒண்ணா வெளிய வந்துச்சு. சாமி வந்த மாதிரி சுத்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் போயிடுச்சு." வடக்கே கை காட்டினார். "நீங்கதானே சொன்னீங்க, ஏர் மாதிரின்னு. ஏருக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம விட்டா மனசு கேக்குமா?"

அவர் மேல் கோபம் வரவில்லை. வாய் என்னுடையது, தூபம் அவருடையது. பெட்டியைத் திறந்தேன். தேனடைகளில் குஞ்சுப் புழுக்கள் இருந்தன, கொஞ்சம் மகரந்தம், அவ்வளவுதான். தேனை எல்லாம் குடித்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தன. பயணத்தில் குலுங்கி வந்த கூட்டம். புது இடம் வேர் பிடிப்பதற்குள் புகை. நானாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

இருட்டும்வரை வடக்குப் பக்கம் மரம் மரமாக அண்ணாந்து தேடினோம். ஒன்றும் இல்லை. ரத்னம்மா களி கிண்டினார், தான் சாப்பிடவில்லை. முனிராஜ் ஒரே ஒரு தடவை, "அண்ணன் காத்தால ஒம்போதுலேருந்து பத்தரைக்குள்ள வரச் சொல்லிக்கிறாரு," என்றார். நல்ல நேரம் அது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஒப்பந்தக் காகிதத்தைப் பூஜையில் வைத்திருக்கிறார் அண்ணன். பூஜையில் வைத்ததை விஜயதசமியன்றுதான் எடுப்பார்.

காலை எட்டரை மணிக்குப் பட்டறைக் காவலாளி வேலிக்கு அப்பாலிருந்து கன்னடத்தில் கத்தினார். முனிராஜ் மொழிபெயர்த்தார். கேட்டில் ஏதோ பூச்சி தொங்குகிறது, உங்களுடையதா, இல்லையென்றால் கொளுத்தப் போகிறேன்.

ஓடினோம். பட்டறை வாசலில் நேற்றுக் கட்டிய இரண்டு வாழைக்கன்றுகள். இடது கன்றின் இலைக் காம்படியில், ஒரு பலாப்பிஞ்சு அளவுக்கு, பழுப்பாக, பளபளவென்று, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு என் கூட்டம் தொங்கியது. கன்றுகளோடு லாரியில் வந்தவை கன்றிலேயே போய் உட்கார்ந்திருந்தன. காவலாளி சாக்கைச் சுருட்டி மண்ணெண்ணெயில் நனைத்துக் கையில் தயாராக வைத்திருந்தார். ரத்னம்மா அந்தச் சாக்கைப் பிடுங்கித் தன் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டார்.

"எரிக்கறதுன்னா முதல்ல என்னை எரிங்க. நேத்து நான் ஒருத்தி செஞ்ச தப்பே போதும்."

முக்காலியும் என் பெட்டியும் கொண்டுவந்தார்கள். குஞ்சுப் புழுக்களிருந்த இரண்டு சட்டங்களை மட்டும் பெட்டியில் விட்டு, மூடியைக் கழற்றி, பெட்டியைக் கூட்டத்தின் அடியில் ஏந்தி நிற்கச் சொன்னேன். முனிராஜ் ஏந்தினார். நான் முக்காலியில் ஏறிக் காம்பை ஒரே உலுக்கு உலுக்கினேன். முக்கால்வாசி சொத்தென்று உள்ளே விழுந்தது. மீதி எங்கள் தலையைச் சுற்றி ஒரு சின்னப் புயல். முனிராஜுக்குக் கண்ணிமையில் ஒன்று, கழுத்தில் இரண்டு கொட்டு. கை அசையவில்லை.

"ஆலையில எட்டு மணி நேரம் இரும்பைப் புடிச்சுகினு நிக்கறவன்தானே," என்றார் பல்லைக் கடித்தபடி.

ராணியைப் பார்த்தேன். நீளமாக, அவசரமே இல்லாமல், சட்டத்தின் இடுக்கில் இறங்கியது. இந்தக் கூட்டத்தில் நிதானம் அதற்கு மட்டும்தான். மூடியைப் போட்டு, வாசலில் துளைத்தகட்டைப் பொருத்தினேன். மற்றவை போகலாம், வரலாம். ராணி வெளியே வர முடியாது. வெளியே சுற்றியவை வாசலில் இறங்கி, வாலைத் தூக்கிச் சிறகடித்து, மற்றவற்றை வா வா என்று அழைக்க ஆரம்பித்தன. ஊர்வலம் தொடங்கியது.

அப்போது நாகராஜப்பா வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் தடவிய காகிதம்.

"நீங்கதான் ஈ புடிக்கிறவரா?" என்றார் என்னிடம். நான் வணக்கம் சொன்னேன். தம்பியிடம் திரும்பினார். "மணி பத்து. வூட்ல எல்லாரும் உட்கார்ந்துகினு இருக்காங்க. கையைக் கழுவிகினு வா."

"இதைப் புடிச்சுகினு இருக்கறேன் அண்ணா."

"யார்கிட்டயாவது குடு."

"கை மாத்துனா பறந்துடும்."

மாற்றினால் பறக்காது. ராணி உள்ளே போய்விட்டது, தகடு பொருத்தியாகிவிட்டது, முக்காலி பக்கத்தில் காலியாக நிற்கிறது. பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு அவர் எப்போதோ போயிருக்கலாம். முனிராஜ் வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்தார். நான் முக்காலியைப் பார்த்தேன். ரத்னம்மாவும் முக்காலியைப் பார்த்தார். பிறகு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நாகராஜப்பா என்னைக் கேட்டார். "எவ்ளோ நேரம் புடிக்கும்?"

"எல்லாம் உள்ளே போகணும்," என்றேன். அது பொய்யில்லை. நாற்பத்தாறு வயதில் ஓரிடத்தில் அசையாமல் நின்ற அரைமணி நேரம் எதுவென்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றாக உள்ளே நடக்கும் தேனீக்களைப் பார்த்தார். ஒரு கட்டத்தில் கடிகாரத்தைவிட அவற்றைத்தான் அதிகம் பார்த்தார். பத்தரை சங்கு ஏதோ ஒரு ஆலையில் ஊதியது.

"ராகு காலம் வந்துடுச்சு," என்றார். குரலில் கோபமா களைப்பா தெரியவில்லை. "இதை விட்டா சோசியர் சொன்ன அடுத்த நாள் தையிலதான்." காகிதத்தை மடித்து மடியில் செருகினார்.

"மாமா," என்றார் ரத்னம்மா, எழுந்து நின்று, முந்தானையை இழுத்துக்கொண்டு. "தையில கையெழுத்து அவுரு இஷ்டம், உங்க இஷ்டம். மருந்து மட்டும் பொழுது சாஞ்சு அடிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும்."

"தக்காளி உன்னைக் கேட்டா காய்க்குது?" என்றார் அவர். நாலடி போய்த் திரும்பினார். "கண்ணுக்குச் சுண்ணாம்பு தடவுடா. எருமை."

எருமை என்றது தம்பியை. ஆனால் கடைசியாகப் பார்த்தது பெட்டியை.

அன்று பெட்டியைப் பேயெள்ளு மேட்டில் புங்க நிழலில் வைத்தோம். பொட்டைத் துடைத்துவிடலாமா என்று ரத்னம்மா கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

சனிக்கிழமை விடியலில் என் பை தோளில் இருந்தது. சொல்லிக்கொண்டு போகலாம் என்று பூசணிக் குழிகளுக்குப் போனேன். ரத்னம்மா வழக்கம்போல் ஆண்பூவை உரித்துக் கையில் பிடித்தபடி ஒரு பெண்பூவின் முன்னால் குனிந்திருந்தார். தொடவில்லை. பூவுக்குள் ஒன்று இறங்கியிருந்தது. கால் முழுக்க மஞ்சள் பொடி பூசிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் புரண்டது. வெளியே வந்து, ஒரு வினாடி யோசித்து, அடுத்த பூவுக்குப் போனது.

கிழக்கிலிருந்து பம்பு சத்தம் வரவில்லை. பண்டிகைக்கு மறுநாள், ஆள் வராமல்கூட இருக்கலாம்.

கையிலிருந்த ஆண்பூவை என்ன செய்வதென்று தெரியாமல் ரத்னம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் மாட்டுக்குக் கொடுத்தார். ஒரு கண் மூடிய முனிராஜ், ஆமணக்குக் குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து அந்தப் பிஞ்சின் பக்கத்தில் நட்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"தையில அண்ணன் வந்தா காட்டறதுக்கு. இது கையால தொடாத காய்னு."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நடத்துனர் அதே ஆள். காலி மடியைப் பார்த்துச் சிரித்தார். தொடை இரண்டும் லேசாக இருந்தன. கைகளை எங்கே வைப்பதென்று மட்டும் கிருஷ்ணகிரி வரைக்கும் தெரியவில்லை.